வேட்பாளர் வீட்டுக்காரியின் சனிக்கிழமை

மார்ச் 3

அண்ணி,

சௌக்கியமா என்று கேட்டு எழுதுகிற மனநிலையில் நான் இல்லை. உங்கள் போனுக்கு எத்தனை தரம் அடித்தேன் தெரியுமா? எடுக்கிறவன் யாரோ ஒரு தடிக்குரல் ஆள். "ஏணிச் சின்னம், சொல்லுங்க" என்கிறான். "எங்க அண்ணியக் குடுய்யா" என்றால், "எந்தத் தெரு, என்ன புகார்?" என்கிறான். என் புகாரே அண்ணி மேலதான் என்று கத்திவிட்டு வைத்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நாள் முழுக்க பஸ் ஸ்டியரிங் பிடிக்கிற கை.

அண்ணன் பேசினார். பேசினார் என்ன, புலம்பினார். போன சனிக்கிழமை முதல் ஊர்வலமாம். திறந்த வண்டி, மைக், பின்னால் நூறு பேர். வண்டி கிளம்பும் நேரத்தில் பக்கத்தில் நிற்க வேண்டிய மனைவியைக் காணோமாம். எங்கே என்று தேடினால், ஷூவை மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மலைக்குக் கம்பி நீட்டிவிட்டாளாம்.

அண்ணி, இது நியாயமா? அண்ணன் என்ன ஆசைப்பட்டா நிற்கிறார்? இரும்புக்கடை உண்டு தான் உண்டு என்று ஆணியையும் பைப்பையும் விற்றுக்கொண்டிருந்த மனுஷன். கடை வாசலில் சாக்கடை அடைத்து நாறுகிறது, மனு கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோய், "நானே நிக்கிறேன்டா" என்று வார்டு உறுப்பினருக்கு நின்றுவிட்டார். தேர்தல் முடிய எத்தனை சனிக்கிழமை இருக்கிறது? கையில் எண்ணிவிடலாம். அது வரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொண்டு, வண்டியில் நின்று கையை ஆட்டினால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்? மலை எங்கே ஓடிப்போகிறது?

இந்த ஊருக்கு மாற்றலாகி வருவதற்கு முன்னால், உங்களை முதன்முதலில் அந்த மலைக்கு இழுத்துக்கொண்டு போனவள் நான்தான். பாதி வழியில் உட்கார்ந்து, "நான் வரல, என்னை இங்கேயே விட்டுடு" என்று அழுதவர் நீங்கள். இப்போது எனக்கே வினையாக வந்து நிற்கிறது.

பதில் போடுங்கள். சாக்கு சொல்லாமல் போடுங்கள்.

வெடி


மார்ச் 9

அன்புள்ள வெடிக்கு,

உனக்கு அந்தப் பெயரை வைத்தவள் நான். எவ்வளவு பொருத்தமாக வைத்திருக்கிறேன் என்று உன் கடிதத்தைப் பிரித்ததும் தெரிந்தது.

முதலில் போன். உன் அண்ணன் அச்சகத்துக்குப் போனாராம். துண்டறிக்கையில் போட ஒரு நம்பர் சொல்லுங்க என்று அச்சகக்காரர் கேட்டாராம். உன் அண்ணனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். வார்டு முழுக்க வீட்டுக்கு வீடு என் நம்பர். என் போனையும் தேர்தல் அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கோபப்படவா, கொஞ்சவா என்று தெரியாமல் முழிக்கிறேன். இது ஒன்று.

இரண்டாவது, நான் கம்பி நீட்டவில்லை. முந்தின நாள் சாப்பிடும்போதே அவருக்கும், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆமாம்சாமிக்கும் சொன்னேன். ஆமாம்சாமி யார் என்று கேட்பாய். பிரச்சாரத்தை நடத்திக் கொடுக்க வந்திருக்கும் ஆள். உன் அண்ணன் தும்மினால்கூட "ஆமாம் சார்" என்பார். "நாளைக்கு சனிக்கிழமை. நான் வரமாட்டேன்" என்றேன். இவர் சிரித்தார். அவரும் சிரித்தார். நான் ஏதோ நகைச்சுவை சொன்னேன் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பா?

நீ "என்ன குறைந்துவிடும்" என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். சாணைச் சக்கரம் முன்னால் உட்கார்ந்தால் காதில் அந்த இரைச்சல்தான், நகக்கண்ணில் வெள்ளை மாவுதான். ஊரில் பாதிப் பேர் நான் தேய்த்த லென்ஸ் வழியாகத்தான் பார்க்கிறார்கள். என் முகம் அதில் ஒருவருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை துணி, பாத்திரம், விருந்தாளி. மிச்சம் ஒரு நாள். அந்த ஒரு நாளில்தான் நான் யாருக்கும் மனைவி இல்லை, அம்மா இல்லை, கடையில் "அந்தப் பின்னாடி ரூம் அக்கா" இல்லை. அதைத்தான் நீ அட்ஜஸ்ட் செய்யச் சொல்கிறாய்.

போன சனிக்கிழமை நாங்கள் ஐந்து பேர். செவிலியர் அக்காவும் தையல்காரம்மாவும் உனக்குத் தெரியும். மற்ற இருவர் புதிது. நாங்கள் ஒரு சட்டம் போட்டிருக்கிறோம். மலையில் வீட்டுப் பேச்சை யார் முதலில் எடுக்கிறாளோ, அவள்தான் எல்லாருடைய தண்ணீர் பாட்டிலையும் சுமக்க வேண்டும். தையல்காரம்மா அடிவாரத்திலேயே, "எங்க மாமியார் இருக்காங்களே" என்று ஆரம்பித்து மாட்டிக்கொண்டாள். மேலே போய்ப் பாறையில் உட்கார்ந்தோம். கீழே நாலு வேட்பாளர் வண்டியும் நாலு தெருவில் சுற்றிக்கொண்டிருந்தது. மேலிருந்து கேட்டால் நாலு ஒலிபெருக்கியும் ஒரே ஆள் பேசுவது மாதிரிதான் இருக்கிறது. எது உன் அண்ணன் குரல் என்று உற்றுக் கேட்டுப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. அதில்தான் எனக்கு மனசு கொஞ்சம் கஷ்டப்பட்டது.

என் ஓட்டு அவருக்குத்தான். சாக்கடையைச் சரி செய்யவேண்டும் என்று அவர் சொல்வதை நம்புகிறேன். ஓட்டு வேறு, சனிக்கிழமை வேறு.

அண்ணி


மார்ச் 15

அண்ணி,

உங்கள் கடிதத்தை டிப்போவில் வைத்துப் படித்தேன். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. கேட்கிறவர்களுக்கு நன்றாக இருக்க வேண்டாமா?

விஷயம் தெரியுமா, தெரியாதா? எதிர் வேட்பாளர் ஆட்கள் ஒரு துண்டறிக்கை போட்டிருக்கிறார்கள். "சொந்த வீட்டுக்காரியையே கூட்டிக்கொண்டு வர முடியாதவர், வார்டை எங்கே கூட்டிக்கொண்டு போவார்?" அண்ணன் அதைப் போனில் எனக்குப் படித்துக் காட்டினார். கடை வாசலில் விற்பனைக்கு வைத்திருந்த ஏணிகளைக்கூட, சின்னத்தை விளம்பரம் செய்கிறாய் என்று புகார் கொடுத்து உள்ளே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார்களாம். அதற்கு அவர் சிரித்தார். இதற்கு அவரால் சிரிக்க முடியவில்லை. மானம் போகிறது அண்ணி.

சனிக்கிழமை, சனிக்கிழமை என்கிறீர்களே. எனக்கும்தான் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. அந்த நாளில்தான் மேனேஜர் கூப்பிட்டு, "கூட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போகணும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்கிறார். இந்த மாதம் ஒரு ஓய்வு நாள்கூட எனக்கு இல்லை. யார் யாரையோ ஏற்றிக்கொண்டு, யாருடைய கூட்டத்துக்கோ போய், வெயிலில் பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறேன். கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. இடுப்பு விட்டுப்போகிறது. செத்தா போயிட்டேன்? பொறுத்துக்கொள்ளவில்லையா? உலகத்தில் நீங்கள் ஒருத்திதான் மனுஷியா?

கடைசி சனிக்கிழமை பெரிய ஊர்வலமாம். அன்றைக்காவது வண்டியில் ஏறுங்கள். எனக்காக. கூடப் பிறந்தவனைத் தெருவில் நாலு பேர் சிரிப்பதை என்னால் தாங்க முடியாது.

வெடி


மார்ச் 24

வெடி,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. இங்கே பெரிய கூத்தே நடந்துவிட்டது.

உன்னோடு பேசினானே தடிக்குரல் ஆள், அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "நீங்களே எடுத்துப் பேசுங்க" என்று போனை என்னிடமே கொண்டுவந்து போட்டார்கள். முதலில் வந்த அழைப்பு ஒரு பெண். அழுகிற குரல். "மலைக்கு ரோடு போடப்போறாராமே உங்க வேட்பாளர், எங்க வீடு போயிடுமா?" என்றாள். எந்த ரோடும்மா என்றேன். "நோட்டீஸ்ல போட்டிருக்கே" என்றாள்.

ஓடிப்போய் அந்த நோட்டீசைப் பார்த்தேன். என் படம். பையை மாட்டிக்கொண்டு மலை ஏறுகிற என் முதுகு. கீழே கொட்டை எழுத்தில்: "என் துணைவியின் கனவு! மலையுச்சி வரை தார்ச்சாலை! விளக்குகள்! வாகன நிறுத்தம்!"

நேரே இரும்புக்கடைக்குப் போனேன். கடையில் ஆள் இருந்தார்கள். இருக்கட்டும் என்று நோட்டீசைத் தராசுத் தட்டில் வைத்தேன்.

"இது யாரோட கனவு?"

"உன்னோடதுதான்" என்றார் உன் அண்ணன், ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லாமல். "வாரா வாரம் ஏறி ஏறி மூச்சு வாங்கிட்டு வர்றியே. பாவம்னு நினைச்சேன். ரோடு வந்துட்டா கார்லயே போய் இறங்கலாம்ல?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்திய மனுஷன், ரோடு இல்லாத கொடுமையால்தான் நான் மலையில் நடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்!

அன்றிலிருந்து போன் அடித்தவர்களுக்கெல்லாம் நான் ஒரே பதில்தான். "வேட்பாளர் வீட்டுக்காரிதான் பேசறேன். ரோடு என் கனவு இல்லை. எனக்கு வேண்டாம். உங்களுக்கும் வேண்டாம்னா அவர்கிட்டயே சொல்லுங்க, இரும்புக்கடையிலதான் இருப்பார்." கடையில் ஆணி வாங்க வந்தவர்களைவிட ரோடு வேண்டாம் என்று சொல்ல வந்தவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஆமாம்சாமி வீட்டுக்கே வந்து, "மேடம், எதிர்க்கட்சிக்காரன்கூட எங்களுக்கு இவ்வளவு கெடுதல் பண்ணல" என்று கையைப் பிசைந்தார். "அப்ப என்னையும் ஒரு கட்சின்னு வெச்சுக்குங்க" என்றேன். அதற்கு மட்டும் அவர் ஆமாம் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை விடியும்போது உன் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "நானும் வர்றேன். நடந்துகிட்டே பேசலாம்" என்றார். ரோட்டுக்கு என்னைச் சம்மதிக்க வைக்கத்தான் வந்தார், தெரியும். அடிவாரத்தில் எங்கள் சட்டத்தைச் சொன்னோம். சொல்லி முடிப்பதற்குள், "நம்ம வார்டுல பார்த்தீங்கன்னா" என்று ஆரம்பித்தார். வார்டும் வீடு மாதிரிதான் என்று செவிலியர் அக்கா தீர்ப்பு சொல்லிவிட்டாள். ஆறு பாட்டில் தண்ணீரையும் அவர் தலையில் கட்டினோம். பாதி மலைக்கு மேல் பேச்சே இல்லை. மூச்சுதான். செருப்பு வார் அறுந்து, கையில் பிடித்துக்கொண்டு ஏறினார்.

உச்சியில் பாறை மேல் அப்படியே சாய்ந்தவர், தூங்கிவிட்டார். குறட்டை! தேர்தல் என்று ஆரம்பித்ததிலிருந்து அந்த மனுஷன் ஒழுங்காகத் தூங்கி நான் பார்க்கவில்லை. நாங்கள் எழுப்பவில்லை. கொண்டுபோன ரொட்டியை அவருக்கும் ஒரு பங்கு வைத்துவிட்டுத் தின்றோம். எழுந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு கீழே வெகு நேரம் பார்த்தார். அப்புறம் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"இங்க ரோடு வந்தா ஆமாம்சாமியும் வந்துடுவான்ல?"

"அவருதான் முதல் கார்ல வருவார்" என்றேன்.

அன்று மாலையே கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "மலைக்கு ரோடுன்னு நான் சொன்னது தப்பு, அதை விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டார். சாக்கடைதான் முதல், சாக்கடைதான் கடைசி என்றார். தெருவில் நின்று கேட்டேன். அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு எவ்வளவு ஆசை வந்தது என்று நாத்தனாரிடம் எழுதக் கூடாது.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் என்ன செய்தார் தெரியுமா? "ரோட்டை விட்டுட்டேன்ல. நீ பதிலுக்கு அந்தக் கடைசி சனிக்கிழமையை விட்டுக் குடுக்கக் கூடாதா?" என்றார். பேரம் பேசுகிறார், கடைக்காரர் இல்லையா. நான் சொன்னேன்: "நீங்க எதையும் குடுக்கல. என்னைக் கேக்காம என் பேர்ல ஒண்ணை எடுத்தீங்க, எடுத்த இடத்துல திருப்பி வெச்சீங்க. அதுக்கு நான் எதுக்கு விலை குடுக்கணும்?" இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. உப்பு எங்கே என்பதைக்கூட சுவரைப் பார்த்துத்தான் கேட்கிறார். கேட்கட்டும். ஏறமாட்டேன். உனக்காகவும் ஏறமாட்டேன்.

இப்போது உன் விஷயம். "செத்தா போயிட்டேன்" என்று கேட்டிருக்கிறாய். சாகவில்லைதான், சந்தோஷம். சாகாமல் இருப்பதே போதும் என்று நினைக்கிறவளா நீ? அன்றைக்கு மலையில் உட்கார்ந்து அழுத என்னை, "எந்திரிங்க அண்ணி, இதுகூட உங்களுக்குன்னு இல்லன்னா எப்படி?" என்று அதட்டி எழுப்பியவள் எங்கே போனாள்? உன் ஓய்வு நாளை எவனோ கூட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறான். நீ எனக்குப் பொறுமை சொல்லிக் கொடுக்கிறாய்.

அண்ணி


மார்ச் 31

அண்ணி,

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அவ்வளவு கோபம். உங்கள் மேல்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் பஸ்ஸைக் கழுவும்போதுதான் கோபம் ஆள் மாறிப் பாய்ந்துவிட்டது என்று புரிந்தது.

நேற்று என் ஓய்வு நாள். மேனேஜர் ஆள் அனுப்பினார். போனேன். வழக்கம்போல, "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா, பெரிய கூட்டம்" என்றார். பஸ் சாவியை மேசை மேல் வைத்தேன்.

"சார், நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்."

"அப்ப இன்னிக்கு யாரு ஓட்டுவா?"

"கூட்டம் யாருக்கோ அவங்களே ஓட்டட்டும். நாட்டையே ஓட்டறேன்னு சொல்றாங்க, ஒரு பஸ் ஓட்ட மாட்டாங்களா?"

பின்னால் நின்ற டிரைவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் மேனேஜர் என்னைத் தற்காலிகமாக நீக்கினார் என்று நினைக்கிறேன். விசாரணைக்கு நாள் குறிப்பார்களாம். பயமாக இருக்கிறது அண்ணி. உங்களிடம் மறைப்பானேன்? ஆனால் நேற்று மத்தியானம் ஊருக்கு வெளியே ஆற்றங்கரை வரைக்கும் நடந்தேன். பஸ்ஸில் தினமும் தாண்டுகிற பாலம்தான். அதன் கீழே மண்ணில் இறங்கி நின்று மேலே பார்ப்பது இதுதான் முதல் தடவை. என் ரூட் பஸ் என் தலைக்கு மேல் வேறொருவர் ஓட்டப் போயிற்று. நான் கையை ஆட்டினேன். நல்லா ஓட்டு ராசா என்று கத்தினேன்.

அண்ணனிடம் போனில் சொன்னேன். "உனக்கும் லெட்டர் போட்டுட்டாளா?" என்றார். போட்டாங்க என்றேன். "இனிமே அண்ணிய வண்டில ஏத்திவிடுன்னு என்னைத் தொந்தரவு பண்ணாத" என்றும் சொல்லிவிட்டேன். தோற்றால் என்னைத் திட்டுவார். திட்டட்டும்.

தேர்தல் முடிவு வருகிற வாரத்தின் சனிக்கிழமை நான் அங்கே வருகிறேன். நானும் ஏறுகிறேன்.

வெடி


ஏப்ரல் 14

என் வெடிக்கு,

உன் விசாரணையை அந்தச் சனிக்கிழமையிலேயே கொண்டுபோய் வைத்தார்களே, விஷமம் பிடித்தவர்கள். "வேலை இருக்கு, சம்பளத்துல வெட்டு, ஓய்வு நாள் என்னோடதுன்னு எழுதி வாங்கிட்டேன்" என்று நீ அனுப்பிய செய்தியைக் கண்ணாடிக்கடையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். என் போன் இப்போது என்னிடமே இருக்கிறது. ஆனாலும் நீ வரமுடியாமல் போன சனிக்கிழமையைப் பற்றி எழுதித்தான் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் நீ நடுவில் கத்துவாய்.

கடைசி ஊர்வலத்தில் நான் ஏறவில்லை. அது உனக்குத் தெரியும். வண்டியில் என் இடத்தைக் காலியாகவே விட்டு உன் அண்ணன் தனியாக நின்று போனாராம். அதைப் பார்த்து யாரோ கத்திக் கேட்டார்களாம், "வீட்டம்மா எங்கே?" என்று. "மலையில" என்றாராம். அவ்வளவுதான். ஆமாம்சாமி தலையில் கையை வைத்துக்கொண்டாராம்.

ஜெயித்துவிட்டார், வெடி! மயிரிழையில்தான், ஆனாலும் ஜெயித்துவிட்டார். எண்ணி முடித்து அறிவித்தபோது நான் கடைப் பின்னறையில் சக்கரத்தின் முன்னால் இருந்தேன். சத்தமாக அழுதேன். சக்கரம் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் வந்ததுதான் நிஜமான சோதனை. தோற்றிருந்தால் என்னைத் தேடி யாரும் வந்திருக்க மாட்டார்கள். சனிக்கிழமை விடியும்போது தெருவே அடைத்துக்கொண்டு நின்றது. பூங்கொத்து, மேளம், வண்டிகள், தெரு நிறைய முகங்கள். நன்றி சொல்கிற ஊர்வலமாம். என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. நான் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு கதவைத் திறக்கிறேன், எதிரே ஆமாம்சாமி.

"மேடம், இன்னிக்கு ஒரு நாள் மட்டும்! இப்ப நீங்க உறுப்பினர் சம்சாரம். சனம் எல்லாம் உங்களப் பாக்கத்தான் வந்திருக்கு. இன்னிக்குமா மலை?"

"இன்னிக்கு என்ன கிழமை?" என்றேன்.

"சனி."

"அப்ப நீங்களே சொல்லிட்டீங்க."

"சார், நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க சார்!" என்று அவர் திரும்பினார். தெரு முழுக்க உன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தது. மேளக்காரன்கூட அடிப்பதை நிறுத்திவிட்டான். புதுச் சட்டையில், இரண்டு கை நிறையப் பூவோடு, வண்டிப் படியில் ஒரு காலை வைத்தபடி உன் அண்ணன் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நல்ல மனுஷன், எனக்குத் தெரியும். போ என்றுதான் சொல்லியிருப்பார் என்று என் மனசு சொல்கிறது. ஒருவேளை, கூட்டத்தைப் பார்த்து மனசு மாறி, இருந்துட்டுப் போ என்றும் சொல்லியிருக்கலாம்.

அவர் என்ன சொன்னார் என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது வெடி. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் தெருமுனையைத் தாண்டிவிட்டேன்.

உன் அண்ணி